கடைசிக்காலப் போதனையை அன்றாட வாழ்வில் கைக்கொள்வது எப்படி: ஆதிச் சபை காட்டும் வழி

கடைசிக்காலத்தைப் பற்றி ஆதிச் சபை என்ன போதித்தது என்று அறிய விரும்புகிறவர் வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. அந்த நூலை எந்த விதத்திலும் குறைத்துச் சொல்லவில்லை. அடிப்படைப் போதனையை ஏற்கெனவே பெற்றிருந்த ஆசியாவின் ஏழு சபைகளுக்கு அது எழுதப்பட்டது. அந்த அடிப்படை இல்லாமல் நேராக அதற்குள் நுழைகிறவர், இரண்டாம் மூன்றாம் அதிகாரங்களில் அந்தச் சபைகளின் நடத்தையைப் பற்றிச் சொல்லப்பட்டிருப்பதை வேகமாகத் தாண்டிவிட்டு, மிருகத்தின் தலைகளை எண்ணுவதில் போய் நின்றுவிடுகிறார்.

தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தில் தொடங்குங்கள். ஏறத்தாழ கி.பி. 50 அல்லது 51-இல் பவுல் கொரிந்துவிலிருந்து எழுதிய அது, புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று; ஐந்தே அதிகாரங்கள். அதன்பின் மத்தேயு 24, 25 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசியுங்கள். இடையில் நிறுத்தினால் அதன் போக்கு பிடிபடாது. பிறகு பேதுருவின் முதலாம் நிருபம் நான்காம் அதிகாரம், யாக்கோபு ஐந்தாம் அதிகாரம். கடைசியாக, வேதாகமத்தில் இடம்பெறாத, ஆனால் ஆதிச் சபைகள் மதித்து வாசித்த ‘திதாகே’ என்னும் சிறு நூல். பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்ற பெயரில் வழங்கும் இது, முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ தொகுக்கப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. பல நூற்றாண்டுகளாகக் காணாமற்போயிருந்த இதன் முழுப் பிரதியை, 1056-இல் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துச் சுவடிக்குள் பிலோதேயோஸ் பிரையெனியோஸ் என்னும் கிரேக்க ஆயர் 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்து, 1883-இல் அச்சிட்டார். பதினாறு சிறிய அதிகாரங்களே உள்ளன. நிதானமாக வாசித்தாலும் ஒரு மாலைப்பொழுது போதும்.

வாசிக்கும் முறை

இரண்டு வண்ணப் பென்சில்களை எடுத்துக்கொள்ளுங்கள். இனி நடக்கப்போவதைச் சொல்லும் வரிகளின் கீழ் நீலமும், வாசிப்பவர் செய்ய வேண்டியதைச் சொல்லும் வரிகளின் கீழ் சிவப்பும் இடுங்கள். முதலாம் தெசலோனிக்கேயர் 4:13 முதல் 5:22 வரை இதைச் செய்து பார்த்தால், கர்த்தர் வானத்திலிருந்து இறங்கி வருவது, எக்காளம் தொனிப்பது, மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பது, உயிரோடிருப்பவர்கள் எடுத்துக்கொள்ளப்படுவது ஆகியவை நீலத்தில் வரும். அவற்றை அடுத்துவரும் 4:18, இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று சிவப்புக்கு மாறிவிடும். ஐந்தாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, காலங்களையும் சமயங்களையும் குறித்து உங்களுக்கு எழுத வேண்டியதில்லை என்று பவுல் சொல்லிவிடுகிறார். திருடன் இரவில் வருவதும் கர்ப்பவதிக்கு வேதனை வருவதும் நீலம். ஆறாம் வசனத்திலிருந்து பென்சிலை மாற்றவே அநேகமாகத் தேவையிருக்காது: விழித்திருங்கள், தெளிந்திருங்கள், ஒருவரையொருவர் கட்டியெழுப்புங்கள், உங்களுக்குள்ளே பிரயாசப்படுகிறவர்களை மதியுங்கள், ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்தி சொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் பொறுமையாயிருங்கள், தீமைக்குத் தீமை செய்யாதபடி பாருங்கள், இடைவிடாமல் ஜெபியுங்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மத்தேயுவிலும் இதே நிலைதான். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்ற 24:36-க்குப் பிறகு வருவன, ஏற்ற வேளையில் சக வேலைக்காரருக்குப் போஜனம் கொடுக்கும் ஊழியக்காரன், எண்ணெயோடு காத்திருந்த கன்னிகைகள், தாலந்துகளை முதலாக்கி உழைத்த வேலைக்காரர் ஆகியோரின் உவமைகள். இறுதியில் வரும் நியாயத்தீர்ப்புக் காட்சியில் பசித்தவன், தாகமுற்றவன், அந்நியன், வஸ்திரமில்லாதவன், நோயாளி, சிறையிலிருப்பவன் ஆகியோரைப் பற்றிய விசாரணைதான் நடக்கிறதேயொழிய, தேதியைச் சரியாகக் கணித்தவர் யார் என்று எவரையும் கேட்பதாக இல்லை. திதாகேயில் பதினாறாம் அதிகாரம் மட்டுமே முடிவைப் பற்றியது. அதற்கு முந்தைய பதினைந்தும் நடத்தையையும் சபை ஒழுங்கையும் பற்றியவை. அந்தக் கடைசி அதிகாரங்கூட, உங்கள் ஜீவனைக் குறித்து விழிப்பாயிருங்கள், விளக்குகள் அணையாதிருக்கட்டும், அடிக்கடி ஒன்றுகூடுங்கள் என்ற கட்டளைகளோடுதான் தொடங்குகிறது.

சிவப்பு வரிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆளின் பெயரையோ ஒரு வேலையையோ குறித்துக்கொள்ளுங்கள். பலவீனரைத் தாங்குங்கள் என்பதற்கு எதிரே, படுக்கையில் கிடக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயர் வரலாம். பெயர் எழுத முடியாத வரியை வெறுமையாகவே விட்டுவைப்பது நல்லது. ஒரு மாதம் கழித்துப் பார்க்கையில் எந்தப் பகுதியை நாம் கண்டுகொள்ளாமல் விட்டோம் என்பது அதில் தெரியும்.

வேலையை விட்டுவிடாதிருத்தல்

தெசலோனிக்கே மக்கெதோனியா மாகாணத்தின் தலைநகர், துறைமுகம், எக்னாத்தியா நெடுஞ்சாலை அதன் வழியாகச் சென்றது. அங்கே தங்கியிருந்தபோது ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் வேலை செய்ததாகப் பவுல் நினைவூட்டுகிறார். அமைதலாயிருக்க நாடி, சொந்த அலுவலைப் பார்த்து, சொந்தக் கைகளால் வேலை செய்யுங்கள் என்பது முதலாம் நிருபத்தில் கிறிஸ்துவின் வருகையைப் பற்றிய பகுதிக்குச் சற்று முன்னால் வரும் அறிவுரை. இரண்டாம் நிருபத்தில் குரல் கடுமையாகிறது: வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது. (அந்நிருபத்தைப் பவுலே எழுதினாரா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை, நம் நோக்கத்துக்கு அது தடையாகாது.) வேலை செய்ய இயலாதவனைப் பற்றி இது ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும், இந்த வரியை எடுத்து ஏழைகளின் தலையில் அடிப்பவர்கள் ‘மனதில்லாதவன்’ என்ற சொல்லை வசதியாக விட்டுவிடுகிறார்கள். தெசலோனிக்கேயில் சிலர் ஏன் வேலையை விட்டார்கள் என்று நிருபம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற வதந்தியால் கலங்கியிருந்த சபைக்கே அது எழுதப்பட்டிருப்பதால், இரண்டையும் இணைத்துப் பார்க்கும் விளக்கவுரையாளர்கள் பலர்.

எதிர்பார்ப்பு வேலையை விழுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆதிச் சபை எழுத்தாளர் ஹிப்போலித்து ஓர் எச்சரிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானியேல் புத்தகத்துக்கு எழுதிய விளக்கவுரையில், கருங்கடலோரப் பொந்து நாட்டில் இருந்த ஒரு சபைத் தலைவரைப் பற்றிச் சொல்கிறார். அவர் பக்தியும் தாழ்மையும் உள்ளவர்தாம். ஆனால் வேதவாக்கியங்களை ஊன்றி ஆராயாமல், தாம் கண்ட கனவுகளையே அதிகம் நம்பினார். ஒரு கனவு, இரண்டாவது, மூன்றாவது என்று தொடர்ந்தபின், இன்னும் ஓராண்டில் நியாயத்தீர்ப்பு வரும் என்று சகோதரருக்கு அறிவித்ததோடு, நான் சொன்னபடி நடக்காவிட்டால் வேதவாக்கியங்களையே இனி நம்ப வேண்டாம், அவரவர் விருப்பப்படி செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். மக்கள் இரவும் பகலும் அழுது ஜெபித்தார்கள். நிலத்தை உழாமல் விட்டார்கள். பலர் உடைமைகளை விற்றார்கள். ஆண்டு கழிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. கன்னிகைகள் திருமணம் செய்துகொண்டார்கள், ஆண்கள் வயலுக்குத் திரும்பினார்கள், உடைமையை விற்றவர்கள் பிச்சை கேட்கும் நிலைக்கு வந்தார்கள். சீரியாவில் இன்னொரு தலைவர், பெண்களையும் குழந்தைகளையும் உட்படப் பலரை அழைத்துக்கொண்டு கிறிஸ்துவைச் சந்திக்க வனாந்தரத்துக்குப் போய், மலைகளில் வழிதவறி அலைந்தார். கொள்ளைக்கூட்டம் என்று எண்ணி ஆளுநர் அவர்களைப் பிடித்துக் கொல்லவிருந்தபோது, விசுவாசியாயிருந்த ஆளுநரின் மனைவி வேண்டிக்கொண்டதால் காரியம் அமைதியாக முடிந்தது.

ஆகவே வருகையை எதிர்பார்க்கிறேன் என்ற காரணத்துக்காக நிலத்தை விற்பதோ, பிள்ளையின் படிப்பை நிறுத்துவதோ, வேலையை உதறுவதோ ஆதிச் சபையின் போதனைக்கு நேர் எதிரானது. யாக்கோபு காட்டும் பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிறான் என்றால், நிலத்தில் ஏற்கெனவே விதைத்துவிட்டுத்தான் காத்திருக்கிறான். அதே அதிகாரத்தில், கர்த்தரின் வருகை சமீபம் என்று சொல்வதற்கு முன்பே, வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்தவர்களைப் பற்றிய கடுஞ்சொல் இருக்கிறது. வீட்டு வேலைக்கோ கடைக்கோ ஆள் வைத்திருப்பவர்கள், பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுப்பதைத் தங்கள் கடைசிக்கால ஆயத்தத்தின் முதல் வரியாக எழுதிக்கொள்ளலாம்.

நாளும் வாரமும்

கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாளொன்றுக்கு மூன்று முறை சொல்லும்படி திதாகேயின் எட்டாம் அதிகாரம் கட்டளையிடுகிறது. நேரம் எது என்று அது குறிப்பிடவில்லை. மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளை, அதாவது ஏறத்தாழக் காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று ஆகியவற்றை, ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஜெபத்துக்குரிய வேளைகளாகக் குறிப்பிடுகிறார். இவை வேலை நேரத்தின் நடுவில் வருபவை என்பதே இவற்றின் சிறப்பு. அலுவலகத்தில் இருப்பவர் இருக்கையை விட்டு எழவும் வேண்டியதில்லை; அந்த ஜெபத்தை நிதானமாகச் சொல்ல ஒரு நிமிடம் போதும். உம்முடைய ராஜ்யம் வருவதாக என்ற விண்ணப்பமும், அன்றன்றுள்ள ஆகாரத்துக்கான விண்ணப்பமும், எங்கள் கடன்களை மன்னியும் என்பதும் அதில் அடுத்தடுத்து வருவதால், முடிவைப் பற்றிய எதிர்பார்ப்பும் அன்றைய சோறும் அன்றைய சண்டையும் ஒரே ஜெபத்துக்குள் வந்துவிடுகின்றன.

உபவாசத்துக்கு அந்நூல் புதனையும் வெள்ளியையும் குறிக்கிறது. அங்கே மற்றவர்களை மாயக்காரர் என்று சாடும் சொற்கள் அக்காலத்துப் பூசலின் சுவடு. ஒழுங்கை எடுத்துக்கொண்டு அந்தச் சாடலை விட்டுவிடலாம். உபவாச நாளில் என்ன செய்வது என்பதை இன்னும் தெளிவாகச் சொல்வது, இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுந்த ‘ஹெர்மாவின் மேய்ப்பர்’ என்னும் நூல். அன்று அப்பமும் தண்ணீரும் தவிர வேறொன்றும் உட்கொள்ளாமல், வழக்கமாக உண்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு, அதை ஒரு விதவைக்கோ அநாதைக்கோ ஏழைக்கோ கொடுக்க வேண்டும் என்கிறது அது. இதைச் செய்ய ஒரு தனி உறை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஓட்டலில் கொடுத்திருக்கும் தொகையும் மதியச் சாப்பாட்டின் தொகையும் அன்றைக்கே அதற்குள் போகட்டும். பிறகு மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் போகாது. சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருந்து உட்கொள்பவர்களும் உணவைக் குறைக்காமல் தொகையை மட்டும் எடுத்துவைப்பது போதுமானது.

வாரத்தின் முதல் நாளில் கூடி அப்பம் பிட்கும் முன் பாவங்களை அறிக்கையிட வேண்டும். அயலானோடு பிணக்குள்ளவன், ஒப்புரவாகும் வரையில் உங்களோடு கூடக்கூடாது என்று திதாகேயின் பதினான்காம் அதிகாரம் வரையறுக்கிறது. என் பார்வையில் அந்நூலிலேயே கடினமான கட்டளை இதுதான். சனிக்கிழமை மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். அந்த வாரத்தில் யாரோடு பேச்சு நின்றது என்று பாருங்கள். நேரில் போக முடியாவிட்டால் தொலைபேசியிலாவது பேசுங்கள். யார் மீது தவறு என்ற விசாரணையை முதல் பேச்சில் எடுக்காமல் இருந்தால் பேச்சு தொடரும். எதிர்த்தரப்பு மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு நூல் தனி விதி எதுவும் தரவில்லை; ஆனால் கண்டிக்கும்போது கோபத்தோடல்ல, சமாதானத்தோடு கண்டியுங்கள் என்று அடுத்த அதிகாரத்தில் சேர்த்திருக்கிறது. வன்முறை செய்தவரிடம் பாதிக்கப்பட்டவர் தனியே போக வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

காணிக்கையின் போக்கையும் அறிந்துகொள்வது நல்லது. ஞாயிறன்று சேர்ந்த பணம் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோருக்குச் சென்றது என்று இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் எழுதுகிறார். ஏழைகளுக்கு உணவிடவும் அவர்களை அடக்கம் செய்யவும், வயது முதிர்ந்தோருக்கும் கப்பல் உடைந்து இழந்தோருக்கும், விசுவாசத்தின் காரணமாகச் சுரங்கத்துக்கும் தீவுக்கும் சிறைக்கும் அனுப்பப்பட்டோருக்கும் அது செலவானதாகத் தெர்த்துல்லியன் சொல்கிறார். சபைக்கு வெளியே இருந்து பார்த்தவரின் சாட்சியமும் உண்டு: ஏறத்தாழ 112-இல் பித்தினியா–பொந்து மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, திருடுவதில்லை, கொள்ளையிடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை, ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுப்பதில்லை என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள் என்று தெரிவிக்கிறார். இரவல் வாங்கிய பொருள்களின் பட்டியல் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய எளிய பயிற்சி.

தேதி சொல்லும் செய்தி வந்தால்

வாட்ஸ்ஆப்பில் வரும் கடைசிக்கால எச்சரிக்கைகளுக்கு முன்னோடி முதல் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆவியினாலாவது, வார்த்தையினாலாவது, எங்களிடத்திலிருந்து வந்ததாகத் தோன்றும் நிருபத்தினாலாவது சீக்கிரமாய்க் கலங்காதிருங்கள் என்கிறது இரண்டாம் தெசலோனிக்கேயர். அதன் முடிவில், என் கையெழுத்தே அடையாளம் என்ற குறிப்பும் இருக்கிறது. எனவே செய்தி எங்கிருந்து புறப்பட்டது என்று தெரியும் வரை அதை வேறொருவருக்கு அனுப்பாதீர்கள்.

ஊர் ஊராகச் சுற்றி வந்த போதகர்களைச் சோதிக்கத் திதாகே தரும் அளவுகோல்கள் வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானவை. வருகிற அப்போஸ்தலனை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்குமான அப்பத்தைத் தவிர வேறொன்றும் பெறக்கூடாது. பணம் கேட்டால் அவன் கள்ளத்தீர்க்கதரிசி. தான் போதிக்கும் சத்தியத்தைத் தானே செய்யாதவனும் அப்படியே. தேவையுள்ள பிறருக்காகக் கேட்டால் மட்டும் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம். நாட்கணக்கை இன்று அப்படியே பின்பற்ற முடியாது என்றாலும், பணம் எங்கே போகிறது, சொல்கிறவர் சொன்னபடி வாழ்கிறாரா என்ற இரண்டு கேள்விகளும் இன்றைக்கும் போதும். தேதி சொல்லிவிட்டுத் தன் பெயரில் பத்தாண்டுத் தவணைக்கு வீடு வாங்குகிறவரைப் பற்றித் தனியே விளக்க வேண்டியதில்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண்ணாக வரும் அறுநூற்று அறுபத்தாறுக்குப் பெயர் தேடுவோர் ஆயர் இரேனேயுவை வாசிக்க வேண்டும். ஏறத்தாழ 180-இல் எழுதிய அவர், எவாந்தாஸ், லத்தீனோஸ், தெய்த்தான் என்று அந்த எண்ணுக்குப் பொருந்தும் பெயர்களைக் காட்டிவிட்டு, எதையும் உறுதியாகச் சொல்லத் துணியாமல் விட்டுவிடுகிறார்: அந்தப் பெயர் இந்தக் காலத்தில் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டியதாயிருந்தால், தரிசனத்தைக் கண்டவரே அதைச் சொல்லியிருப்பார் என்பது அவர் வாதம். பொந்து நாட்டுக் கதையைச் சொன்ன ஹிப்போலித்தோ, கிறிஸ்து உலகப் படைப்பிலிருந்து 5500-ஆம் ஆண்டில் பிறந்தார், முடிவுக்குரிய 6000 நிறைவாக இன்னும் முந்நூறு ஆண்டுகள் போல இருக்கின்றன என்று தாமே கணக்கிட்டார். அவசரப்பட்ட மக்களை அமைதிப்படுத்துவதே அவர் நோக்கம். அந்த ஆண்டும் கடந்துபோனது என்பது, நல்ல நோக்கத்தோடு போடும் கணக்குகளுக்கும் பொருந்தும் செய்தி.

கருத்து வேறுபடும்போதும், துக்க வீட்டிலும்

கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சி எருசலேமில் நிகழும் என்று நம்பிய யுஸ்தீன், பரிசுத்தமும் பக்தியும் உள்ள கிறிஸ்தவர்களில் பலர் இதில் வேறுவிதமாக எண்ணுகிறார்கள் என்று தம் உரையாடல் நூலில் ஒப்புக்கொள்கிறார். வேதபாடக் குழுவை நடத்துகிறவர்கள் இந்த ஓர் இடத்தை நினைவில் வைத்திருந்தால் பல பிளவுகளைத் தவிர்க்கலாம். கிருபை வரட்டும், இந்த உலகம் ஒழிந்துபோகட்டும், மாரநாதா (எங்கள் கர்த்தரே, வாரும்) என்று திதாகேயின் சபை திருவிருந்தில் ஜெபித்தது; பேரரசருக்காகவும் உலக அமைதிக்காகவும் முடிவு தாமதப்படுவதற்காகவும் ஜெபிக்கிறோம் என்று கார்த்தேஜின் தெர்த்துல்லியன் எழுதினார். இந்த இரண்டில் எதைச் சொல்கிறவரையும் அவிசுவாசி என்று ஒதுக்க ஆதாரமில்லை.

முதலாம் தெசலோனிக்கேயர் 4:13–18 மரணத்தால் கலங்கியவர்களுக்கு எழுதப்பட்டது; அதைக் கடைசிக்கால நிகழ்வுகளின் வரைபடத்தில் ஒட்டுவதைவிட அடக்கத்துக்குப் பிந்தைய மாலைகளில் வாசிப்பதே அதன் இயல்பான பயன். அழ வேண்டாம் என்று சொல்ல அதைப் பயன்படுத்தாதீர்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்பதுதான் அங்கே இருக்கிறது, துக்கமே கூடாது என்பது இல்லை. ஆறு வசனங்களையும் மெதுவாக வாசித்து, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வருகை எந்த ஆண்டில், உபத்திரவத்துக்கு முன்னா பின்னா என்று யாராவது அப்போது தொடங்கினால், வேறொரு நாளில் பேசலாம் என்று சொல்லிவிட்டு வீட்டாருக்குச் சாப்பாடு பரிமாறும் வேலையைப் பாருங்கள்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டியதில்லை. கர்த்தருடைய நுகத்தை முழுவதும் சுமக்க முடிந்தால் நீ பூரணனாயிருப்பாய், முடியாவிட்டால் உன்னால் முடிந்ததைச் செய் என்று திதாகேயின் ஆறாம் அதிகாரம் இடம் கொடுத்திருக்கிறது. பெரும்பாலோருக்கு மூன்று வேளை ஜெபத்தில் தொடங்கி, அது நிலைத்தபின் சனிக்கிழமை மாலையைச் சேர்ப்பது எளிது. யாருக்காவது கூலிப் பாக்கியோ கைமாற்றுக் கடனோ வைத்திருப்பவர் மட்டும் அந்த வரிசையை மாற்றிக்கொண்டு, முதலில் அதைத் தீர்த்துவிட்டு, அடுத்த புதன்கிழமை உபவாசத்தைத் தொடங்கட்டும்.